கொல்லைக் கதவுக்கு ஒரு மணி

எங்கள் அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து, அடுப்பு மேடையைத் துடைத்துக் கோலம் போட்ட பிறகு, கொல்லைக் கதவைத் தாழ் போட்டு, அதன் மேல் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தைச் சாய்த்து வைப்பாள். தாம்பாளத்துக்கு முட்டாக ஒரு செம்பு. "எவன் கதவைத் தள்ளினாலும் ஊரே எழுந்திருச்சிடும்" என்பாள். திருடன் என்று யாரும் வந்ததாக எனக்கு நினைவில்லை. பூனை இரண்டு தரம் தள்ளிவிட்டு, அப்பா வேட்டியை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்ததுதான் நினைவிருக்கிறது. நாங்கள் பெண்கள் எல்லாம் போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

இப்போது எனக்கு 58 வயதாகிறது. நானும் கொல்லைக் கதவில் ஒன்றை வைத்திருக்கிறேன். தாம்பாளம் இல்லை, பெரியவன் பெங்களூரிலிருந்து அனுப்பிய, தீப்பெட்டி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி. சென்சார் என்கிறார்கள். பெயர்தான் புதுசு, வேலை என்னவோ அம்மாவின் தாம்பாளம் செய்த அதே வேலைதான்.

போன இதழில் ஈரச் சுவரைப் பற்றி எழுதும்போது, "கதவு மணி சமாசாரம் அப்புறம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ஈரச் சுவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள்! வந்த கடிதங்கள் அத்தனையும் கதவு மணியைப் பற்றித்தான். எலெக்ட்ரீஷியன் இல்லாமல் மாட்ட முடியுமா, பழைய தேக்குக் கதவுக்குச் சரிப்படுமா, உண்மையிலேயே அடிக்கிறதா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றையும் சொல்லவேண்டி இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கும்பகோணத்தில் நாங்கள் இருப்பது மாமனார் காலத்து வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, அப்புறம் கொல்லை. கொல்லையில் கிணறு. வாசலில் நின்று பார்த்தால் கொல்லை வரைக்கும் ஒரே நேர்க்கோடு. காற்றுக்குப் பிரமாதமான வீடு. பயத்துக்கும்தான். வீட்டில் நான், இவர், 82 வயதான என் மாமியார், ஆக மூன்றே பேர். அத்தைக்கு இரண்டு வருஷமாக ஞாபகம் குறைந்துகொண்டு வருகிறது. காலையில் சாப்பிட்ட இட்லி பத்து மணிக்கு மறந்துபோகும். அறுபது வருஷத்துக்கு முன் யார் கல்யாணத்தில் யார் பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள் என்பது மட்டும் அப்படியே இருக்கும். பகலில் கூடவே இருந்து பார்த்துக்கொள்வேன். ராத்திரி நன்றாகத் தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தோம்.

போன ஐப்பசியில் எங்கள் தெருக் கோடி வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்த சமயம், யாரோ மொட்டைமாடிக் கதவை நெம்பி இறங்கி ஆறு சவரனையும் வெள்ளிக் குத்துவிளக்கையும் கொண்டுபோய்விட்டார்கள். தெருவே ஒரு வாரம் தூங்கவில்லை. அதே சமயத்தில் எங்கள் வீட்டிலும் ஒரு விநோதம். காலையில் எழுந்து பார்த்தால் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் திறந்து கிடக்கிறது! ஒரு நாள் இல்லை, மூன்று நாள்.

"நேத்து ராத்திரி நீங்கதானே கடைசியா கொல்லைப் பக்கம் போனீங்க?"

"தாழ் போட்டுட்டுதான் வந்தேன். எனக்குத் தெரியாதா?"

"அப்ப தாழ்ப்பாள் தானா எழுந்து நடந்துச்சா?"

இப்படி மூன்று காலையும் சண்டை. கூடத்தில் ஈரக் காலடி மாதிரி ஏதோ தெரிந்தபோது, முற்றத்துச் சாரல் என்று நானே துடைத்துவிட்டேன். வேலைக்கு வரும் பெண்ணைக்கூட ஒரு வார்த்தை அதட்டிவிட்டேன், பாவம். பெரியவனிடம் போனில் சொன்னதும் பதறிப்போய், இந்த சென்சார் பெட்டிகள் ஆறை அனுப்பிவிட்டான். ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய்தான்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மாட்டுவது சுலபம். இரண்டு துண்டுகள் இருக்கும். சின்னத் துண்டில் வெறும் காந்தம், வேறொன்றுமில்லை. பெரிய துண்டுக்குள் ஒரு பொடிக் கண்ணாடிக் குழாய். அதற்குள் முடி மாதிரி மெல்லிய இரண்டு உலோக நாக்குகள். காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை இரண்டு நாக்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். கதவு திறந்து காந்தம் விலகினதும் நாக்குகள் பிரிந்துவிடும். உடனே மணி அடிக்கும். அவ்வளவுதான். இந்தக் கண்ணாடிக் குழாயை 1936-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் எல்வுட் என்பவர் டெலிபோன் வேலைக்காகச் செய்தார். கதவுக்கு மின்சார மணி வைப்பது அதைவிடப் பழசு. 1853-லேயே அகஸ்டஸ் போப் என்பவர், கதவையும் ஜன்னலையும் ஒயரால் இணைத்து, எது திறந்தாலும் மணி அடிக்கும்படி செய்து காப்புரிமை வாங்கிவிட்டார். எனக்கு இவர்களையெல்லாம்விடப் பிடித்தவர் நியூயார்க்கில் இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன். நர்ஸ் வேலை பார்த்தவர். வேலை நேரம் கண்டபடி மாறும், வீட்டில் தனியாக இருக்கவேண்டி வரும். யார் கதவைத் தட்டுகிறார்கள் என்று படுக்கையறையிலிருந்தே பார்க்கும்படி காமிராவும் டெலிவிஷனும் வைத்து, அவரும் அவர் கணவருமாக 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் காப்புரிமை பெற்றார்கள். ராத்திரி தனியாக இருந்து பயந்தவளுக்குத்தானே தெரியும், எது வேண்டும் என்று!

சரி, மாட்டுகிற கதைக்கு வருவோம். எலெக்ட்ரீஷியன் தம்பி "நாளைக்கு வரேன்க்கா" என்றான். அந்த நாளை நான்கு நாளாகியும் வரவில்லை. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே ஸ்டூலில் ஏறிவிட்டேன். இவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு யோசனை சொல்லும் உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டார்.

பெரிய துண்டு நிலையில், காந்தம் கதவில். கதவு அசைகிற பொருள், ஓங்கிச் சாத்தும்போது அதிர்ச்சி எல்லாம் அதற்குத்தான். அதனால் கனமான துண்டு அசையாத நிலையில் இருப்பதுதான் நல்லது. கீல் பக்கம் வைக்காதீர்கள். கீல் பக்கம் வைத்தால் கதவு பாதி திறந்து ஆள் நுழைந்த பிறகுதான் காந்தம் போதுமான அளவு விலகும். கதவு திறக்கிற ஓரத்தில், மேலே, குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இரண்டு துண்டிலும் ஒரு கோடோ அம்புக்குறியோ போட்டிருப்பார்கள். கதவு மூடியிருக்கும்போது இரண்டு கோடும் எதிரும் புதிருமாக இருக்கவேண்டும். நான் முதலில் இதைக் கவனிக்காமல் ஒன்றைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, "சாமான் மட்டம்" என்று பெரியவனைப் போனில் திட்டினேன்.

எடுத்ததும் ஒட்டிவிடாதீர்கள். முதலில் கையால் பிடித்துக்கொண்டு, ஒருவர் கதவைத் திறக்க, எத்தனை தூரத்தில் மணி அடிக்கிறது என்று பார்த்து, நிலையில் பென்சிலால் குறி போடுங்கள். எங்களுடையது ஒரு விரற்கடை விலகினதும் அடித்தது. மூடியிருக்கும்போது இரண்டுக்கும் நடுவே அதில் பாதிக்கும் குறைவான இடைவெளி இருக்கும்படி ஒட்டினேன். பழைய வீட்டில் நிலையும் கதவும் ஒரே மட்டத்தில் இருக்காது. கதவு உள்ளடங்கி இருந்தால் காந்தத்துக்குக் கீழே ஒரு மரச் சில்லை வைத்து உயர்த்திக்கொள்ள வேண்டும்.

கூடவே வரும் இரட்டைப் பக்க ஒட்டு டேப் சுத்தமான இடத்தில்தான் பிடிக்கும். எங்கள் தேக்குக் கதவில் முப்பது வருஷத்து எண்ணெயும் வார்னிஷும்! ஒட்டின மறுநாளே விழுந்துவிட்டது. துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒட்டியபின் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தேன். வாசல் கதவுக்கு மட்டும் இரண்டு சின்ன ஸ்க்ரூவே போட்டுவிட்டேன். அந்தக் கதவு இரட்டைக் கதவு. இடது கதவுக்கு மேலும் கீழும் தாழ். வலதுதான் முதலில் திறக்கும். காந்தம் எப்போதும் முதலில் திறக்கிற கதவில் இருக்கவேண்டும். மறந்துபோய் இடது கதவில் வைத்தால் திருடன் வலது வழியாக வந்து காபி சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

மொட்டைமாடிக் கதவில்தான் திண்டாடிப்போனேன். அது இரும்புத் தகட்டுக் கதவு. காந்தம் தானாகவே போய் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. ஆகா, டேப்பே வேண்டாம் போலிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் கதவை மூடினாலும் திறந்திருப்பதாகவே நினைத்துக் கத்துகிறது! காந்தத்தின் சக்தியை இரும்பே இழுத்துக்கொண்டுவிடுகிறது. கடைசியில் இவருடைய பழைய ஹவாய் செருப்பை அறுத்து, அந்த ரப்பர் துண்டை அடியில் வைத்து ஒட்டினேன், சரியாகிவிட்டது. அலுமினிய ஜன்னலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அலுமினியம் காந்தத்தோடு சேராது.

ஜன்னலுக்கு மாட்டலாமா என்றால், என் அபிப்பிராயம், நம் ஊர்க் கம்பி ஜன்னலுக்கு வேண்டியதில்லை. நம்முடைய உஷ்ணத்துக்கு ஜன்னலை மூடிக்கொண்டு யார் தூங்குகிறார்கள்? திறந்து வைத்த ஜன்னலில் சென்சார் இருந்து என்ன, இல்லாமல் என்ன? கம்பி ஆடாமல் இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள், போதும். கம்பி இல்லாத நகர்த்துக் கண்ணாடி ஜன்னல், கிரில் போடாத பால்கனிக் கதவு, இவற்றுக்குக் கட்டாயம் மாட்டவேண்டும். நகர்கிற சட்டத்தில் காந்தம், நிற்கிற சட்டத்தில் பெட்டி.

மாட்டுவது அரை நாள் வேலை. சோதித்துப் பார்ப்பதைத்தான் யாரும் செய்வதில்லை. ஒரு தரம் திறந்தோம், அடித்தது, முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். நான் ஆமை மாதிரி மெல்லத் திறந்து பார்த்தேன், வேகமாகத் திறந்து பார்த்தேன், மூடின கதவை வெளியிலிருந்து இவரை விட்டு ஆட்டச் சொன்னேன். தாழ்ப்பாள் லொடலொடவென்று இருந்தால் காற்றுக்கே கதவு விரற்கடை அசைந்து மணி அடித்துவிடும். நிலையில் பழைய கம்பளித் துண்டை ஒட்டினால் கதவு இறுக்கமாக நிற்கும். மழைக்காலத்தில் மரக்கதவு ஊறி உப்பும். மூடினாலும் முழுக்கப் பொருந்தாது, இடைவெளி மாறிவிடும். கார்த்திகை மழையில் எங்கள் கொல்லைக் கதவுக்கு மறுபடி குறி போட்டு ஒட்டவேண்டி வந்தது. அப்புறம் படுக்கையறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, படுத்துக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். பெட்டியில் மூன்று நிலை உண்டு. அணைத்து வைப்பது ஒன்று, 'டிங்டாங்' ஒன்று, மூன்றாவது ஊளை. டிங்டாங் அறைக்குள் காதிலேயே விழவில்லை. ஊளை என்றால் தெருமுனை வரை கேட்டது. சரி, ஊளையே இருக்கட்டும் என்று ஆறு பெட்டியிலும் ஊளையில் வைத்துவிட்டேன்.

இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன்.

மாட்டி நான்காம் ராத்திரி. மணி மூன்று இருக்கும். கொல்லைக் கதவு ஊளையிட்டது. இவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓட, நான் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். சிரிக்காதீர்கள், கையில் கிடைத்தது அதுதான். கொல்லை விளக்கைப் போட்டால், கிணற்றுக்கு நாலு அடி தள்ளி அத்தை நிற்கிறார். கையில் தண்ணீர்ச் செம்பு. எங்களைப் பார்த்ததும் செம்பைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு "திருடன்! திருடன்!" என்று அலற ஆரம்பித்தார். கதவை மூடினால் ஊளை நின்றுவிடும் என்று அந்த அவசரத்தில் இருவருக்கும் தோன்றவில்லை. அது பாட்டுக்கு அலறுகிறது, அத்தையும் அலறுகிறார். கிட்டே போனால் கிணற்றுப் பக்கமாகப் பின்வாங்குகிறார். எதிர் வீட்டு அக்கா வந்து, அத்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்து அழைத்து வந்தார். எங்களிடம் வரவில்லை.

மறுநாள் பூரா அத்தை என்னோடு பேசவில்லை. என்ன நடந்தது என்பது அவருக்கு ஞாபகமில்லை. பயம் மட்டும் எங்கேயோ தங்கிவிட்டது. நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தால் கை நடுங்குகிறது. அடுக்களையில் உட்கார்ந்து யோசித்தேன். திறந்து கிடந்த தாழ்ப்பாள், கூடத்து ஈரக் காலடி... திருடன் இல்லை, சாரலும் இல்லை. மணி மாட்டுவதற்கு முன்னாலேயே இவர் எத்தனை ராத்திரி தனியாக அந்த இருட்டில் கிணற்றடிக்குப் போய் வந்திருக்கிறார்! நான் இவரோடு சண்டை போட்டேன், வேலைக்காரப் பெண்ணை அதட்டினேன், தரையைத் துடைத்தேன். அத்தையை நினைக்கவே இல்லை.

அன்றைக்கே வெல்டிங் பட்டறைக்காரரைக் கூட்டி வந்து, கிணற்றுக்கு இரும்பு வலை மூடி போட்டு, பூட்டும் போட்டோம். மற்றதெல்லாம் அப்புறம்.

நாத்தனார் போனில் கேட்டுவிட்டு, "கொல்லைக் கதவுக்குப் பெரிய பூட்டாப் போட்டுடுங்க அண்ணி, நிம்மதி" என்றாள். முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் காஸ் கசிந்தாலோ தீப்பிடித்தாலோ சாவி தேடிக்கொண்டு நிற்க முடியுமா? தவிர, கதவு திறக்காவிட்டால் அவர் என்ன செய்வார்? தட்டுவார், இழுப்பார், விழுவார். எதற்காகப் போகிறார் என்று தெரியாமல் பூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெரியவன் அடுத்த வாரமே வேறு மாதிரி ஒன்றை அனுப்பினான். கதவில் அதே சின்னத் துண்டுகள்தான். மணி மட்டும் தனியாக, என் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக்கில் செருகுவது. கதவில் சத்தமே வராது, என் தலைமாட்டில் மட்டும் மெதுவாக டிங்டாங். கொல்லைக் கதவிலிருந்த ஊளையைக் கழற்றிவிட்டேன். இதையும் சோதித்தேன், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு. செத்துப்போயிற்று! கதவிலிருக்கும் துண்டுக்குப் பாட்டரி உண்டு. பிளக்கில் செருகும் மணிக்குக் கரண்ட் வேண்டும். ராத்திரி கரண்ட் போனால் மணியும் போச்சு. அதைத் திருப்பி அனுப்பி, மணியும் பாட்டரியில் ஓடுவதாக மாற்றி வாங்கினோம். போனுக்குச் செய்தி வரும் வகையை வாங்குபவர்களும், கரண்ட் போனால் வீட்டு இன்டர்நெட் பெட்டியும் அணைந்துவிடுமா, செய்தி வருமா என்று மெயினை அணைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு மணி அடிக்கிற நேரத்தையெல்லாம் தினசரிக் காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்தேன். ஒன்பது ராத்திரியில் ஏழு தரம். ஏழும் இரண்டரைக்கும் மூன்றேகாலுக்கும் நடுவில். கையில் எப்போதும் செம்பு. ஏழாவது தாளை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தை வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் இந்த வீட்டில் கக்கூஸ் கொல்லைக் கோடியில்தான் இருந்தது. உள்ளே பாத்ரூம் கட்டி இருபது வருஷம் ஆகிறது. ஆனால் அத்தையின் ராத்திரி அறுபது வருஷத்துக்கு முந்தைய ராத்திரி. ஒன்றுக்கு வருகிறது, செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகிறார். இதில் பைத்தியம் எங்கே இருக்கிறது?

ஏழு தாளையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் காட்டினேன். "இதை மாதிரி எழுதிக்கொண்டு வந்தா எங்களுக்கு எவ்வளவு சுலபம்!" என்றார். வயதானவர்களுக்குச் சிறுநீரில் கிருமி இருந்தால் குழப்பம் திடீரென்று அதிகமாகும் என்று சொல்லி, சிறுநீரும் சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். இரண்டும் சரியாக இருந்தது. பிறகு மாத்திரைச் சீட்டைப் பார்த்தார். பிரஷருக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று சிறுநீரை அதிகப்படுத்தும் வகை. நாங்கள் அதை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுத்துக்கொண்டிருந்தோம்! காலைக்கு மாற்றினார். நீங்களாக எதையும் மாற்றிவிடாதீர்கள். சீட்டோடு போய்க் கேளுங்கள். தண்ணீர், மோர் எல்லாம் பகலில் தாராளமாகக் கொடுத்து, சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் குறைக்கச் சொன்னார். படுக்கப் போகும் முன் பாத்ரூமுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்.

வீட்டிலும் சில மாறுதல் செய்தோம். பாத்ரூம் கதவும் சாமான் அறைக் கதவும் ஒரே மாதிரி இருந்ததால், பாத்ரூம் கதவைத் திறந்தே கட்டி வைத்து உள்ளே சின்ன விளக்கை எரியவிட்டோம். அவர் கட்டிலிலிருந்து பார்த்தால் தெரியும்படி. செம்பைக் கொல்லைக் கதவு மூலையிலிருந்து எடுத்து பாத்ரூம் வாசலில் வைத்தோம். செம்பு இருக்கிற இடத்துக்குத்தானே போவார்! இது எதிர் வீட்டு அக்கா சொன்ன யோசனை. சுருக்குப் பையில் வீட்டு விலாசமும் எங்கள் போன் நம்பரும் எழுதி, அவர் கழுத்துச் சங்கிலியில் கோத்திருக்கிறோம். முதியோர் சம்பந்தமாக யோசனை கேட்க 14567 என்ற எண் இருக்கிறது; ஆள் காணோம் என்ற அவசரத்துக்கு 112. இரண்டையும் காலண்டர் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஏழு தரம் இரண்டாகக் குறைந்திருக்கிறது. அறவே நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த இரண்டுக்கும் மணி அடிக்கிறது, நான் எழுந்து போகிறேன். ஆரம்பத்தில் "எங்க அத்தை போறீங்க, இந்த நேரத்துல?" என்று கேட்பேன். அவருக்குப் பதில் தெரியாது, கோபம் வரும். இப்போது கேட்பதில்லை. விளக்கைப் போட்டு, முன்பக்கமாகப் போய், "வாங்க அத்தை, நானும் அங்கதான் போறேன்" என்று கையைக் கொடுப்பேன். கூடவே வந்துவிடுவார்.

வாசல் கதவிலும் மாடிக் கதவிலும் ஊளை அப்படியேதான் இருக்கிறது, திருடனுக்காக. மார்கழியில் நாலரை மணிக்குக் கோலம் போட எழுந்த நான், அணைக்க மறந்து வாசல் கதவைத் திறந்து, தெருவையே திருப்பள்ளியெழுச்சிக்கு எழுப்பிவிட்டேன். இப்போது தாழ்ப்பாளிலேயே ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், ஞாபகத்துக்கு. ஊளைப் பெட்டியைக் குழந்தை காதருகே வைத்துச் சோதிக்காதீர்கள். மிகப் பலமான சத்தம், காதுக்குக் கெடுதல்.

குழந்தை என்றதும் ஞாபகம் வருகிறது. பொங்கலுக்குப் பெரியவன் குடும்பத்தோடு வந்திருந்தான். பேத்திக்கு இரண்டு வயது. கையில் பளபளவென்று எதையோ வைத்துக்கொண்டு வாய்ப் பக்கம் கொண்டுபோகிறாள். பிடுங்கிப் பார்த்தால், நான் மாற்றிவிட்டு மேஜையில் போட்டிருந்த பட்டன் பாட்டரி! பழைய நாலணா அளவு இருக்கும், வழவழவென்று. தீர்ந்துபோன பாட்டரிதானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். மணியை அடிக்க முடியாத பாட்டரியிலும் மிச்ச சக்தி உண்டு. விழுங்கிக் குழந்தையின் உணவுக் குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே வெந்துபோகும்படி புண்ணாக்கிவிடும். முதலில் வெளியே ஒன்றும் தெரியாமல்கூட இருக்கும். எச்சில் ஒழுகும், விழுங்க முடியாமல் அழும், இருமும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், வாழைப்பழம் கொடுத்துப் பார்க்காமல், நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், 108-ஐக் கூப்பிட்டாவது. எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அபாயம்தான். பாட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிற சென்சாராகப் பார்த்து வாங்குங்கள். கழற்றின பாட்டரியை இரண்டு பக்கமும் டேப் சுற்றி, உயரமான இடத்தில் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். போகி நெருப்பில் போடவே கூடாது, வெடிக்கும்.

நான் மாதம் பிறந்தால் முதல் தேதி ஆறு கதவையும் திறந்து பார்த்துவிடுகிறேன். பாட்டரி தீரும்போது சத்தம் கம்மிப்போய், தொண்டை கட்டின மாதிரி அடிக்கும். அப்போதே மாற்றிவிட வேண்டும்.

கிணற்று மூடியைப் பற்றிக் கேட்டிருந்த வாசகிக்கு: கோண இரும்பில் சட்டம், அதில் குழந்தையின் கால் நுழையாத அளவு நெருக்கமான வலை, வாளி இறங்க ஒரு பக்கம் கீல் வைத்த சின்னக் கதவு. அந்தச் சின்னக் கதவுக்குத்தான் பூட்டு. வருஷம் ஒரு தரம் பெயின்ட் அடிக்காவிட்டால் துருப்பிடித்துவிடும்.

இதை எழுதிக்கொண்டிருந்த நேற்று ராத்திரியும் மணி அடித்தது. போனேன். அத்தை கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார். என்னைப் பார்த்து, செத்துப்போன தன் ஓரகத்தியின் பெயரைச் சொல்லி, "நீயும் எழுந்துட்டியா? வா, தனியாப் போக பயமா இருக்கு" என்றார். போய்விட்டு வந்து படுக்க வைத்தேன். காலண்டர் தாளில் 2.50 என்று எழுதினேன்.